நாலு சென்டிமீட்டர்

"ஒரு விரல் அகலம்தானே" என்றார் மச்சான்.
ஹட்டனில் டயர் கடை வாசலில் மழை.
இறக்குமதிக்குத் தடை இருந்த வருஷம்,
விலை கேட்டால்
கடைக்காரர் முதலில் நம் செருப்பைப் பார்ப்பார்.

காரில் பாதி எனது, பாதி மரியசூசை மச்சானுடையது.
ஆகவே முன்னிரண்டு டயர் நான்,
பின்னிரண்டு அவர்.
நான் வாங்கியது நூற்றுத் தொண்ணூற்றைந்து.
அவர் பிடித்துவந்தது இருநூற்றைந்து,
கொழும்பில் யாரோ கழற்றிப் போட்டது.
பட்டன் பாதி இருக்கிறது என்று
நகத்தால் குத்திக் காட்டினார்.

நாலு சக்கரமும் இழுக்கிற கார்.
விற்றவன் அதைச் சொல்லித்தான் விற்றான்:
பனியில் ஏறும், சேற்றில் ஏறும்,
லீசிங்காரன் வீட்டுப் படியிலும் ஏறும்.

நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை.
நேர் ரோடு எங்கே இருக்கிறது இங்கே?
கொட்டகலை தாண்டி ஒரு கொண்டை வளைவில்
சீட்டுக்கடியில் யாரோ தூக்கத்தில்
பல்லைக் கடிப்பதுபோல் சத்தம்.
பிறகு வாசம்.
பேக்டரியில் கொழுந்து கருகுகிறது என்று
கண்ணாடியை ஏற்றினேன்.
அன்று போயா. பேக்டரி பூட்டியிருந்தது.

அக்கா தையல் மெஷினிலிருந்து டேப்பை உருவிவந்தாள்.
ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தைச் சுற்றிப் பிடித்தாள்.
நூற்றைம்பதில் டேப் முடிந்துவிட்டது,
டயர் முடியவில்லை.
சாக்கால் ஒரு கோடு கிழித்து
அங்கிருந்து மறுபடி.
முன்னது நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
பின்னது இருநூற்று மூன்று.
"நாலு" என்றாள்.
"ரவிக்கைக்கே நான் இவ்வளவு விட்டதில்லை."

இரவு பில் புத்தகத்தின் முதுகில் கணக்குப் போட்டேன்.
சுற்றுக்கு நாலு சென்டிமீட்டர்.
கிலோமீட்டருக்கு ஐந்நூறு சுற்று.
இங்கிருந்து தலவாக்கலை
இருபது என்று வைத்தால்
நானூறு மீட்டர்.
என் டயர்கள் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கும்போது
மச்சானின் டயர்கள் கணக்குப்படி
நானூறு மீட்டர் தாண்டி
நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
கார் என்னவோ ஒன்றுதான்.
அந்த நானூறு மீட்டரை
நடுவில் ஒரு சின்ன கிளட்ச்
எண்ணெய் கருகக் கருகத்
தின்றுகொண்டிருந்தது,
போக ஒரு தரம், வர ஒரு தரம்.

வஜிர பாஸ் பொனட்டைத் திறந்தார்.
"நாலும் ஒண்ணா வாங்குங்க" என்றார்.
நான் அவர் செருப்பைப் பார்த்தேன்.
அவர் சிரித்துவிட்டு,
மூலையில் காலியாக இருந்த ஒரு பொந்தில்
நகத்தளவு ஃபியூஸ் ஒன்றைச் செருகினார்.
"இனி முன்னால் மட்டும் இழுக்கும்.
பின்னால் சும்மா வரும்."

சும்மா வரும் என்பதை
நான் வீட்டில் சொல்லவில்லை.

மூன்று வாரம் சத்தமில்லை, வாசமில்லை.
மச்சான் தன் டயர்களை ஞாயிறுதோறும் கழுவினார்.
பின்னால் பாருங்கள், அசையவே இல்லை என்று
டீச்சர்மாரிடம் பெருமை பேசினார்.

வட்டகொடை ஏற்றத்தில் அன்று மண் சரிந்திருந்தது.
பின் சீட்டில் மூன்று டீச்சர்மார்,
மடியில் திருத்திய விடைத்தாள் கட்டு.
என் இரண்டும் செம்மண்ணில் சுழன்றன,
சுழன்ற இடத்திலேயே குழி.
மச்சான் ஒன்றும் பேசாமல் இறங்கினார்.
கண்ணாடியில் அவர் தலை மட்டும் தெரிந்தது,
பிறகு அதுவும் இல்லை,
பூட்டில் இரண்டு உள்ளங்கை.

"நாலும் இழுக்கிற காரடா இது!" என்று
பின்னாலிருந்து கத்தினார்.
சட்டை முழுக்கச் சேறு,
என் டயர் வாரி இறைத்தது.

எஞ்சினை நிறுத்தினேன்.
மழையில் பொனட்டைத் தூக்கினேன்.
என்ன தேடுகிறாய் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.
ஃபியூஸ் சூடாக இருந்தது.

கார் ஏறியது.
மேலே போனதும் மூக்கை உறிஞ்சி
"என்னமோ கருகுது" என்றார்.
"பேக்டரி" என்றேன்.

ராத்திரி துவைக்க எடுத்த என் சட்டைப் பையில்
அக்காவுக்கு அது கிடைத்தது.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
எது, யாருடையது என்று கேட்கவில்லை.
பட்டன் டப்பாவில் போட்டு மூடினாள்.