வெற்று மாதிரி

ஆரோக்கியமான ஆள் ஒருவர் வேண்டும் என்றார் டாக்டர் குவெக்.
நான் கையைத் தூக்கினேன்.
வயது முப்பத்து நான்கு, மூச்சு வாங்காமல் ஆறு மாடி,
சர்க்கரை போடாத கோப்பி-ஓ.
மூடி போட்ட கிண்ணத்தோடு
கழிவறையிலிருந்து திரும்பியபோது
சியூ லிங் கைதட்டினாள்,
நான் ஏதோ பந்தயத்தில் ஜெயித்துவிட்டதுபோல.

அன்றிலிருந்து ஏழு மாதம்
இந்த ஆய்வுக்கூடத்தின் சுழியம் நான்.
பிறர் சிறுநீர் எவ்வளவு ஒளிர்கிறது என்பதை
என்னுடையது எவ்வளவு இருண்டிருக்கிறது என்பதை வைத்து
அளந்தோம்.
சொல்லக் கூச்சம்தான்,
கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எங்கள் சாயம் ஒரு சின்ன மூலக்கூறு.
தண்ணீரில் விட்டால் இடுப்பை ஓயாமல் சுழற்றும்,
கொடுத்த வெளிச்சத்தையெல்லாம் ஆடியே தீர்த்துவிடும்,
நமக்கென்று ஒன்றும் மிஞ்சாது.
சிறுநீரகத்தின் சல்லடை எங்கோ தளர்ந்து
அல்புமின் கசிந்தால் மட்டும்
அந்தப் புரதத்தின் மடிப்புக்குள் போய்ச் செருகிக்கொள்ளும்.
அங்கே ஆட இடமில்லை.
ஒளிய இடம் கிடைத்ததும்
ஒளிர்கிறது.
மறைவதற்கும் வெளிச்சத்துக்கும்
ஒரே சொல்லை வைத்தவர்கள்
இதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.
ஆனாலும் வைத்திருக்கிறார்கள்.

நேற்று வியாழன், இரவு ஒன்பதே கால்.
புவன விஸ்தாவில் மழை விட்டிருந்தது.
தொண்ணூற்றாறு குழித் தட்டில்
கடைசி வரிசை, கடைசிக் குழி,
கறுப்பாக இருக்க வேண்டிய என் குழி
ஆரஞ்சாக இருந்தது.

பிப்பெட் முனை அழுக்கு என்றேன், மாற்றினேன்.
தட்டு பழசு என்றேன், மாற்றினேன்.
சாயத்தைக் குறை சொன்னேன்,
விளக்கைக் குறை சொன்னேன்,
மத்தியானம் தின்ற மீ கோரெங்கைக்கூட விடவில்லை.
மூன்றாம் முறையும்
அதே சின்ன ஆரஞ்சு.
கோபமில்லை அதற்கு, அவசரமுமில்லை.

அறிகுறி தோன்றும் முன்பே கண்டுபிடிக்கும்,
எங்கள் கட்டுரையின் முதல் வரி.
எழுதியவள் நான்தான்.
எழுதும்போது மனதில் ஒருவரை வைத்திருந்தேன்:
ஐம்பத்தெட்டு வயது, டாக்ஸி ஓட்டுபவர்,
உப்பைக் குறைக்கச் சொன்னால் சிரிப்பவர்.

எதிர் வீவக புளோக்கில்
வீடு வீடாக விளக்கணைந்து
பதினோராம் மாடியில் ஒரு சமையலறை மட்டும் மிச்சம்.
யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.
இங்கிருந்து பார்த்தால்
எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறார் என்று
அவருக்குத் தெரியாது.

இன்று காலை குறிப்பேட்டில் எழுதினேன்:
வெற்று மாதிரி ம.அ., இனிப் பயன்படுத்த வேண்டாம்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கசிவு என்று தொடங்கி, அடித்தேன்.
ஒளிர்கிறது என்று எழுதி
கையொப்பம் இட்டேன்.

பலதுறை மருந்தகத்தில்
செவ்வாய், எட்டுப் பத்துக்கு நேரம் கிடைத்தது.

சியூ லிங் ஒன்றும் கேட்கவில்லை.
அலமாரியிலிருந்து புதுக் கிண்ணம் எடுத்தாள்,
மூடியைத் திறந்து
காலியான உள்பக்கத்தை ஒருமுறை பார்த்தாள்,
பிறகு நடைபாதையில் இறங்கிக்
கழிவறைப் பக்கம் போனாள்,
வழக்கத்தைவிட மெதுவாக.