இன்னும் முப்பது அடி

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊருக்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் உண்டு.
போன வருஷக் கத்திரி வெயிலில்
என் பங்குக்கு நானும் ஒன்று சேர்த்தேன்:
தூக்கமில்லாத தலையணை.

ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் பகலெல்லாம் டோக்கன்.
கண்ணை மூடினால் இமையின் உள்பக்கம்
சிவப்பாக அடுத்த எண் எரியும்.
முந்நூற்றுப் பதினாலு. முந்நூற்றுப் பதினைந்து.
வங்காளத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்தவர்
கட்டவேண்டிய தொகையை மறுபடி கேட்கிறார்.
பக்கத்தில் தயாளன் குறட்டை.
காட்பாடிப் பக்கம் ஒரு சரக்கு ரயில்
முடிவே இல்லாமல் போகிறது.
போனைத் திறந்தால் போச்சு, விடிந்துவிடும்.

இதில் லாபம் தெருவுக்கு.
சத்துவாச்சாரியில் எங்கள் சந்துக்கு
நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர்,
அதுவும் ராத்திரி இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில்
அதன் இஷ்டத்துக்கு.
குழாய் முதலில் இருமும்.
அதைக் கேட்கிறவள் நான்.
பதினோரு வீட்டுக் கதவையும் தட்டுவேன்.
"நீ இருக்கிறப்ப அலாரம் எதுக்கு" என்பாள் பர்கத்.

டாக்டரம்மா மாத்திரை எழுதவில்லை.
படுக்குமுன் எதையாவது படி,
பரபரப்பில்லாததாய்ப் பார்த்து எடு என்றார்.
நூலகத்தில் அதற்குப் பஞ்சமில்லை.
நான் எடுத்தது கிணறு வெட்டுவது பற்றி.
அட்டை கிழிந்து காக்கித் தாள் போட்டது.

முதல் பத்தடி செம்மண். அதற்கே ஆறு பக்கம்.
பிறகு சரளை. பிறகு சுக்கான்.
மண் சரியாமலிருக்க எங்கே நிற்கவேண்டும்,
வடத்தை எப்படி இழுத்துச் சோதிக்கவேண்டும்,
கூடை மேலே போகையில்
கீழிருப்பவன் அண்ணாந்து பார்க்கக் கூடாது.
எழுதியவருக்கு எந்த அவசரமும் இல்லை.
ஒரு வாக்கியத்துக்குள் இறங்கி
அடுத்ததில் கால் வைக்குமுன்
மேலே வானம் சாப்பாட்டுத் தட்டு அளவாகி
பிறகு காலணா அளவாகி

ஓரத்தில் பென்சில் குறிகள் இருந்தன.
பதினாலாம் பக்கம், ஒரு புள்ளி, 1.50.
பத்தொன்பதில் 1.20.
இருபத்தாறில் 12.05.
எனக்கு முன் யாரோ இதே கிணற்றில் இறங்கி
நின்ற இடத்தைக் குறித்திருக்கிறார்.
நாற்பத்தெட்டில் 10.40.
கடைசிச் சுழியத்திலிருந்து கோடு வழுக்கி
பக்கத்தின் அடிவரை போயிருந்தது.
அப்புறம் ஒன்றுமில்லை.

நூலகர் ஷம்ஷாத் பின்பக்கச் சீட்டைப் பார்த்தார்.
2011, தேதி மட்டும்தான், பேர் எழுதுவதில்லை என்றார்.
தூக்கம் வந்து புத்தகம் வேண்டாமல் போனதா,
வேறு ஏதாவதா,
நான் கேட்கவில்லை.
ஒரு பென்சில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை முப்பத்தொன்பதாம் பக்கம்,
கருங்கல் ஆரம்பம்.
மணி எழுதினேனா என்று தெரியாது.
விழித்தபோது ஜன்னலில் வெயில்,
கன்னத்தில் காக்கித் தாளின் மடிப்பு,
என் வாசலில் பதினோரு வீட்டுக் காலிக் குடங்கள்.

குழாய் இருமியிருக்கிறது, ஓடியிருக்கிறது,
சாக்கடையில் விழுந்து முடிந்திருக்கிறது.
பர்கத் இடுப்பில் கை வைத்திருந்தாள்.
"உடம்பு கிடம்பு சரியில்லையா?"
தூங்கிட்டேன் என்றேன்.
திருட்டை ஒப்புக்கொள்வது போலிருந்தது.
யாரோ சிரித்தார்கள்.
யாரோ கேன் தண்ணிக்கு ஆள் அனுப்பினார்கள்.
ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரர் மட்டும்
"இப்படித் திடீர்னு தூங்கினா எப்படிம்மா,
முன்கூட்டிச் சொல்ல வேணாமா" என்றார்.

அன்றைக்கு ராத்திரி தயாளன்
புரண்டு படுத்துத் தூக்கத்திலேயே கேட்டான்.
"தண்ணி வந்துச்சா?"
"இல்ல. இன்னும் முப்பது அடி போகணும்."
"சரி" என்றான்.

நாற்பதாம் பக்கம்.
திரியில் நெருப்பு வைக்குமுன்
எல்லோரும் மேலே ஏறிவிட்டார்களா என்று
ஒருமுறைக்கு இருமுறை
பேர் சொல்லிக் கூப்பிட்டு