தெளிவில்லை

நிமிடத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
ஒலியைக் கேட்டு எழுத்தாக்க வேண்டும், அவ்வளவுதான்.
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, காதில் கருவி.
காலி வீதியில் கடைசி பஸ்ஸும் ஓய்ந்த பிறகு
லூசியானாச் சதுப்பிலிருந்து ஒருத்தி கதைக்கத் தொடங்குவாள்.

ஒதீல் பூத்ரோ. எழுபத்தெட்டில் பதிந்த நாடா.
வயது அறுபத்தைந்து என்று உறையில் இருக்கிறது.
பின்னால் ஒரு கோழி,
யாரோ கதவைச் சாத்தாமல் போகிற சத்தம்.

பார்ன்ஸ் பிளேஸில் நான் படித்த பிரெஞ்சு
இஸ்திரி போட்டது.
அவளுடையதில் சேறு இருந்தது.
காருக்கு வேறு சொல்.
'இந்த நேரத்தில்' என்ற மூன்று சொல்லை
ஒரே சொல்லாய்ப் பிசைந்து வைத்திருந்தாள்.
றாலுக்கு அவள் சொன்ன 'ஷெவ்ரெத்'
என் அகராதியில் ஏதோ ஆட்டுச் சாதியாய் நின்றது.

விதி ஏழு:
அகராதியில் இல்லாத சொல் வந்தால்
'தெளிவில்லை' என்று இடுக.
முதல் நாடாவில் பத்தொன்பது இட்டேன்.
தெளிவாகத்தான் கேட்டது.

பள்ளிக்கூட வளவில் பிரெஞ்சு கதைத்ததற்கு
இனிக் கதைக்கமாட்டேன் என்று
நூறு தரம் இங்கிலீஷில் எழுதவிட்டார்களாம்.
நான் எழுதப் பழகிய முதல் வசனம் அது, என்று
சிரித்தாள்.
சிரிப்பைக் குறிக்க அனுமதி உண்டு. குறித்தேன்.

எங்களை ஒருவரும் எழுதவிடவில்லை.
நீர்கொழும்பு, முன்னக்கரை.
வலைக்கும் காற்றுக்கும் அப்பாவிடம் தமிழ் இருந்தது,
பள்ளிக்கூடம், பூசை, பத்திரம் எல்லாம் சிங்களம்.
தம்பி நெவிலுக்குத் தமிழில்
ஏசுவதற்கு மட்டும் மிஞ்சியது.
நான் கொழும்பில் கலியாணம் கட்டி
யாழ்ப்பாணத்து மாமியிடம் வாய் திறந்த அன்று
'நீர் கதைக்கிறது தமிழே பிள்ளை?' என்றா.
பிறகு நானும் இஸ்திரி போட்டுக்கொண்டேன்.

வகுப்பில் 'எஸ்பெரே' என்றால் நம்பியிருத்தல்.
ஒதீலுக்கு அது வெறும் காத்திருத்தல்.
மழை விட்டதும் படகை எஸ்பெரே செய்தோம் என்கிறாள்.
அதில் நம்பிக்கை கிம்பிக்கை ஒன்றுமில்லை.
படகு வரும். கரையில் நிற்க வேண்டும்.

அந்த இடத்தில் மின்சாரம் போயிற்று.
கரையோர ரயில் ஒன்று யன்னலை ஆட்டிப் போனது.
திரும்பி வந்ததும்
பத்தொன்பதையும் ஒவ்வொன்றாய்த் திறந்து
அவள் சொன்னபடியே எழுதினேன்.
பிழையென்று தள்ளினால் ஒரு கிழமைக் காசு போகும்.

தள்ளவில்லை. நன்றி என்றும் ஒருவரும் எழுதவில்லை.
மாசி மாதம் இன்னொரு கோப்பு வந்தது:
ஒரு வகுப்பறை, ஏழு வயதுப் பிள்ளைகள்,
என் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள்.
உச்சரிப்பு படுமோசம்.
வாசிப்பிக்கிற ஆசிரியைக்கும் நாக்கு தடக்குகிறது,
அவளும் பிந்திப் படித்தவள் போல.
'ஷெவ்ரெத்' வந்ததும் ஒரு பொடியன்
தட்டிலிருந்து எடுத்துத் தின்கிற சத்தம் போட்டான்.
வகுப்பே சப்புக்கொட்டியது.
எப்படி எழுதுவது அதை?
விதிப் புத்தகத்தில் இல்லை.

விடிய நாலு மணி.
பேலியகொடை மீன் சந்தையில் நெவில் விழித்திருப்பான்.
எடுத்தேன்.
களப்பிலே சின்ன றாலுக்கு அப்பா ஒரு பேர் சொல்லுவாரே,
என்ன அது?
மொகடத, என்றான் சிங்களத்தில்.
திரும்பவும் கேட்டேன்.
ஐஸ் கொட்டுகிற சத்தம். யாரோ விலை கத்துகிறார்கள்.
அவன் யோசிக்கிற மூச்சு கேட்டது.
பிறகு சொன்னான், லொறி ஒன்று ஹோர்ன் அடிக்க.

விளங்கேல்லடா, இன்னொருக்காச் சொல்லு.

'பொறு,' என்றான், தமிழில்,
'லொறி போகட்டும்.'