பொருளின் பெயர்

நேமத்தான்பட்டி. வழக்குக்கு ஆறாவது வருடம்.
இரண்டாம் கட்டின் இருட்டறையில்
இரும்புப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டு.
வாதியிடம் ஒரு சாவி, பிரதிவாதியிடம் ஒரு சாவி.
நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் நான்.
என்னிடம் ஒரு படிவம், ஓர் அங்குல நாடா,
காலையில் தின்ற வெள்ளைப் பணியாரத்தின் ஏப்பம்.

வைரம் இருக்கும் என்றார் சாத்தப்பன்.
பத்திரம் இருக்கும் என்றார் உண்ணாமலை.
என்னிடம்தான் சொன்னார்கள், ஒருவருக்கொருவர் அல்ல.
திறந்தால்
பழைய வேட்டியில் சுற்றிய கத்திகள்.
வட்டி கட்ட முடியாதவர்கள்
கடைசியாக வைத்துவிட்டுப் போனவை.

படிவத்தின் முதல் கட்டம்:
பொருளின் பெயர்.

கத்தி என்று எழுதினால் முடிந்தது.
ஆனால் நமக்குக் கத்தி என்றால்
கூச்சல் போட்டு என்றும் அர்த்தம்.
திருப்பத்தூர் கோர்ட்டு வராந்தாவில் ஆறு வருடம்
இவர்கள் தீட்டியது அந்தக் கத்தியைத்தான்.
வாள் என்று எழுதலாம்.
பழந்தமிழில் வாள் என்றால் ஒளி,
இதுவோ துருவேறிப் பேரீச்சை நிறத்தில்.
அரிவாள் என்று வாயெடுத்ததும்
கிராம நிர்வாக அலுவலர் நிமிர்கிறார்:
"ஒம்பது அங்குலத்துக்கு மேலயா, மேடம்?"
உள்கட்டில் அரிவாள்மனையில் புடலங்காய் அரிந்த பஞ்சவர்ணம்
சேலைத்தலைப்பை இழுத்து
அதை மூடிக்கொண்டாள்.

முதலாவது பாம்பாய் நெளிந்திருந்தது.
கிரிஸ். சாத்தப்பனுக்குத் தெரியும்,
பினாங்கில் பதினோரு வருடம் ஹோட்டல் நடத்தியவர்.
நெளிவுகளை எண்ணினார்: ஒன்பது.
ஒற்றைப்படையில்தான் இருக்குமாம், மொய்ப்பணம் போல.
கத்தியின் அலகை அங்கே கண் என்பார்களாம்.
நாம் வாய் என்கிறோம்,
வாய் மழுங்கிப்போச்சு, சாணை பிடி என்கிறோம்.
கண் மழுங்கினால் அவர்கள் என்ன செய்வார்கள்?
கேட்கவில்லை. மணி பன்னிரண்டு.

அடுத்ததன் பிடியில் சிங்கத்தலை.
"கடுவ" என்றார் டிரைவர் ராசரத்தினம்,
எண்பத்து மூன்றில் கண்டியை விட்டு வந்தவர்.
அண்ணன் படித்த பல்கலைக்கழகத்தில்
இங்கிலீஷுக்கும் அதே பட்டப்பெயராம்.
கடுவ. வாள்.
தெரிந்தவன் ஓங்குவான், தெரியாதவன் தலை போகும்.
என் அறிக்கையைப் பார்த்தேன்,
முதல் வரியிலிருந்து முத்திரை வரை இங்கிலீஷ்.
அதை யாரும் நாடா வைத்து அளக்கவில்லை.

மூன்றாவது நீளம். லேசான வளைவு.
பிடியில் வெள்ளித் தகடு.
பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.
மோல்மேன் கடைப் பேரேட்டைப் புரட்டினோம்,
மேலாளின் கையெழுத்து, எறும்பு ஊர்ந்தாற்போல்:
மா லா யின் தா 1.
வழக்கின் வேரே அந்த வரிதான்.
அவளுக்கு ஒன்று தா. எதில் ஒன்று?
வீடா, வயலா, ஒரு பங்கா?
அக்கரையில் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று
மூன்று தலைமுறை குரலைத் தாழ்த்திப் பேசியது.

பிடியிலிருந்து ஒரு துணிநறுக்கு உதிர்ந்தது.
உண்ணாமலை எடுத்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
எனக்காகச் சத்தமாகப் படித்தார்:
"தா."

கத்தி சாத்தப்பன் கையில் இருந்தது.
ஆறு வருடத்தில் அவர் பக்கம் பார்த்து
தங்கை சொன்ன முதல் சொல்.
அவர் ஒரு கணம் விழித்தார்.
பிறகு கூர் தன் பக்கம், பிடி அவள் பக்கம்
திருப்பி
நீட்டினார்.

நிலைப்படியில் பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு:
"தா-ன்னா கத்திங்க, பர்மாப் பேச்சுல.
எங்கம்மா ரங்கூன்ல பொறந்தது,
வெங்காயம் அரிய உக்காந்தா
தாவைத் தாடின்னுதான் கேக்கும்."

மேலாள் கொடுக்கச் சொல்லவில்லை.
வாங்கி வைத்ததைத்தான் எழுதியிருக்கிறார்.
ஒருத்தி, ஒரு கத்தி, மீட்க வரவில்லை.

பெயர்க் கட்டத்தில் எழுதினேன்: தா.
அறிக்கை முழுக்க அந்த ஓர் எழுத்துதான் தமிழ்,
அதுவும் தமிழில்லை.
அடுத்த கட்டம்: தற்போது யார் வசம்.
பேனா நின்றது.
இரண்டு பேர் கையும்
இன்னும் அதன்மேல் இருந்தன.