வாரை மறுபடி இறுக்கு

முதல் வரைவில் உன் முதுகில் ஆறடி வாள்.
இரு தோளிலும் கழுகுத் தலை, முழங்காலில் முட்கள்.
க்ஸவெரிக்குப் பிடித்துவிட்டது.
"விளையாட்டுப் பெட்டியின் அட்டையே இதுதான்" என்றார்,
காப்பிக் கோப்பையை
உன் குதிரையின் பிட்டத்தின் மேல் வைத்தபடி.

அன்றிரவு உன்னைச் சண்டைக்கு அனுப்பிப் பார்த்தேன்,
மனதுக்குள்தான்.
உருவிய கை நீண்டது, நீண்டது,
முழங்கை நேரானது,
பாதி வாள் இன்னும் உறைக்குள்.
எதிரி அவசரமில்லாமல் வந்து
குத்திவிட்டுப் போனான்.
அதற்கு முன்பே உன் முழங்கால் முள்
உன் குதிரையின் விலாவைக் கிழித்திருந்தது.

சனிக்கிழமை லுப்ளினுக்கு வெளியே ஒரு லாயம்.
பனி உருகிய சேறு.
யாக்னா என்னிடம் கூடாரக் கம்பு ஒன்றை நீட்டினாள்.
பன்னிரண்டடி.
"ஏறு. இதைத் தூக்கு. வரைவதெல்லாம் பிறகு."
குதிரையின் பெயர் ஷ்லிவ்கா. வயது பதினேழு.
வீரத்தைப் பற்றி அதற்கு
அபிப்பிராயம் எதுவும் இல்லை.

முதலில் கம்பின் நுனி ஆடியது.
பிறகு நான் ஆடினேன்.
நாலாவது எட்டில் நுனி மண்ணைத் தொட்டது,
அடிமுனை என் அக்குளைத் தொட்டது.
தொட்டது என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.
சேற்றில் மல்லாந்து பார்த்தால்
வானம் முழுக்க வானம்.
டிராகன் எதுவும் இல்லை.

ஷ்லிவ்கா திரும்பி வந்து என் தொப்பியை முகர்ந்தது.
அவ்வளவு கிட்டத்தில் அப்போதுதான் பார்த்தேன்,
அதன் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருந்தன.
நான் வரைந்த இரும்பு முகமூடியில்
துளை இரண்டும் முன்னால்,
மனிதனுக்குப் போல.
ஒன்றரை மாதமாக உன் குதிரையைக்
குருடாக்கி ஓட்டியிருக்கிறேன்.

உன்னிடம் இல்லை, அதனிடம்
மன்னிப்புக் கேட்டேன்.

ஞாயிறு முழுக்க அழிப்பான் தூள்.
வாள் இடுப்புக்கு இறங்கியது, சற்றே வளைந்தது,
வெட்டிய இடத்தில் சிக்கிக்கொள்ளாமல் வழுக்கிவர.
ஈட்டியை உள்ளே குடைந்து காற்றால் நிரப்பினேன்.
சேணத்தின் பின்விளிம்பை உயர்த்தினேன்,
மோதும்போது நீ வாலைப் பிடித்துத் தொங்காதிருக்க.
முட்களைத் தனியே கத்தரித்து
ஒரு முள்ளம்பன்றிக்குக் கொடுத்தேன்.
பக்கத்து மேசை போகுஸ்வாவின் முள்ளம்பன்றி அது.
அவள் பூத வனம் வரைகிறாள்.

திங்கள் காலை க்ஸவெரி கேட்டார்,
"டிராகன் பறக்கிற உலகத்தில்
வயிற்று வார் எதற்கு?"
என்னிடம் பதில் இல்லை.
கழுத்துப் பட்டியைக் கொஞ்சம் விலக்கி
அக்குளிலிருந்து மேலேறிய ஊதா நிறத்தைக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார்.
"கழுகுத் தலையையாவது விட்டுவை" என்றார், சிறு குரலில்.
விட்டுவைத்தேன். ஒன்றை மட்டும்,
இடது தோளில். ஈட்டி வராத பக்கம்.

கடைசியாக ஒன்று செய்தேன், கேட்காமலே.
உன் வலது அங்கவடியின் உள்விளிம்பைத் தேய்த்துவிட்டேன்,
இருபது வருடம் ஒரே கால்
ஒரே பக்கம் அழுத்தியதுபோல.
திரையில் அது மூன்று புள்ளிகூட வராது.

இனி நீ போகலாம்.
ஏறுமுன் ஒன்று, யாக்னா சொன்னது:
வாரை இறுக்கும்போது குதிரை மூச்சை இழுத்து
வயிற்றை உப்பிக்கொள்ளும்.
கள்ளம்.
நாலடி நடத்திவிட்டு
வாரை மறுபடி இறுக்கு.
டிராகன் காத்திருக்கும்.