பதினொன்றும் நான்கும்

சராசரிப் படத்தை யாரும் நம்பிவிடலாம்.
முப்பத்தாறு மூளைகளைக் கூட்டி வகுத்தால்
பால்கோவா மாதிரி மழமழவென்று
யாருடையதும் அல்லாத ஒன்று வரும்.
பேராசிரியருக்கு அது போதும்.
எனக்குப் பரவற்படி வேண்டும்.
ஒவ்வொரு வாக்ஸலிலும்
ஆளுக்கு ஆள் எவ்வளவு விலகுகிறார்கள் என்பது.

காட்பாடியில் இரவு மணி இரண்டு.
திரையில் மூளையின் ஓரங்கள் எரிகின்றன.
ஓரம் எரிவது வழக்கம்தான்.
மூன்று மில்லிமீட்டர்க் கட்டத்துக்குள்
பாதி சதை, பாதி நீர்.
எச்சில் விழுங்கினால் போதும்
இந்தப் பக்கத்தது அந்தப் பக்கம் போய்விடும்.
பரதராமி செக்போஸ்ட் அருகே வளர்ந்தவளுக்கு
இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

நடுவில்தான் அமைதி இருக்க வேண்டும்.
அங்கே, இடப்பக்கம், ஆழத்தில்,
ஒரே ஒரு புள்ளி கொதித்தது.

தலை அசைவா? திருத்தியாயிற்று.
இயந்திரமா? போன வாரம்தான் பார்த்தார்கள்.
ஒவ்வொருவராகத் திறந்தேன்.
தமிழ்க் குழுவில் பதினொன்றாம் ஆள்:
பச்சைப்பயறு அளவுக்கு ஒரு கருமை,
எந்தத் தொந்தரவும் தராத நீர்க்கட்டி.
தெலுங்குக் குழுவில் நான்காம் ஆள்:
அதே பயறு.
அதே இடம்.

ரத்தினவேலு, பரதராமி.
ரத்னய்யா, குடிபாலா.
தலைக்கு ஐந்நூறும் பஸ் காசும்.
வவுச்சரில் எழுத்து வேறு வேறு,
அடியில் இழுத்த வால் ஒன்று.

காலையில் போன் செய்தேன்.
மாங்கூழ் ஆலையின் எடைமேடையில் இருந்தார்,
பின்னால் ஒரு லாரி ரிவர்ஸில் அலறியது.
"தமிழ் பேசறவங்க வேணும்னு ஒட்டியிருந்தீங்க, வந்தேன்.
அடுத்த மாசம் தெலுங்கு வேணும்னீங்க, வந்தேன்.
இதுல எது மேடம் பொய்யி?"
பிறகு யாரிடமோ "எனபை ரெண்டு" என்று எண் சொன்னார்,
உடனே டிரைவரைத் தமிழில் திட்டினார்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்தேன்.
ஒரே மண்டை. ஆனாலும்
சொற்கள் விழுந்தபோது வெளிச்சம்
ஒன்றில் ஒதுங்கிய மூலை மற்றதில் இல்லை.
பக்கத்து வரிசை அந்நியர்கள் இருவர்
இவரைவிட இவருக்கு நெருக்கமாக இருந்தார்கள்.

ஒருவரை இருமுறை எண்ணக் கூடாது, சரி.
எந்த முறையை அழிப்பது என்று
விதியில் எழுதியிருக்கவில்லை.
சில்லறையைச் சுண்டிப் பார்த்தேன், வெட்கத்தோடு.
'ஒரு பதிவு நீக்கப்பட்டது' என்று அட்டவணைக்குக் கீழே
சின்ன எழுத்தில் சேர்த்தேன்.

முப்பத்தைந்து பேரோடு மறுபடி ஓட்டினேன்.
புள்ளி அணையவில்லை.
ஏறக்குறைய பாதி சூட்டில்
அங்கேயே இருந்தது.