ஐம்பது கிராம்

ஒரு கட்டை கீழே இறங்க
ஐம்பது கிராம் வேண்டும்.
சின்னப் பித்தளை எடைகளை ஏற்றி இறக்கி
எண்பத்தெட்டுக் கட்டைகளையும் அளப்பவன் நான்.
ஒஸ்ட்ராவா இசைக்கல்லூரியின் ஜன்னல்களை
எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும்
கரித்தூள் உள்ளே வந்து கம்பிமேல் உட்காரும்.
அதைத் துடைப்பதும் என் வேலைதான்.

ட்ரஹோமிரா குபிச்கோவா மேடையேறிய காலத்தில்
மறுநாள் காலை பியானோவின் மூடியைத் தூக்கினால்
முந்தின இரவு தெரிந்துவிடும்.
மேல்ஸ்தாயியில் கம்பி அறுந்திருந்தால்
கூட்டம் அவரை வீட்டுக்கு விடவில்லை.
நடுக்கட்டைகள் மட்டும் சுருதி இறங்கியிருந்தால்
பாதி நாற்காலி காலி,
அவர் தனக்கென்று வாசித்திருக்கிறார்.
பத்திரிகை விமர்சனம் எதையும்
நான் படித்ததில்லை.

லைப்சிக், கிராஸ், ஒரு குளிர்காலம் முழுக்க ஹெல்சிங்கி.
பிறகு பதினேழாம் எண் அறை.
வாரம் இருபத்திரண்டு மணி நேரம்,
ஒரு பென்சில்,
மறுபடி,
மறுபடி என்ற குரல்.

ஒரு நவம்பரில் கடைசி டிராமும் போன பிறகு வந்தார்.
கையுறையைக் கழற்றவில்லை.
"கொஞ்சம் லேசாக்க முடியுமா?"
எதற்கென்று கேட்கவில்லை நான்.
கேன்டீனில் காபிக் கோப்பையைப் பிடிக்கையில்
வலது கையின் நான்காம் விரல்
ஒட்டாமல் தனியே நின்றதைப் பார்த்திருந்தேன்.

கட்டையின் முன்பக்கம் துளை போட்டு
ஈயம் பதிக்க வேண்டும்.
கனத்தைச் சேர்த்தால்தான் கட்டை லேசாகும்.
என் மனைவிக்கு இதை இருபது வருடமாக விளக்குகிறேன்.
அந்த வருடம் நாற்பத்தேழு.
அடுத்த வருடம் நாற்பத்துநான்கு.
நாற்பத்தொன்றில்
விட்ட கட்டை மேலே வரத் தயங்கியது.
ஒவ்வொரு முறையும் கணக்கேட்டில்
'தூசி துடைத்தது' என்று எழுதினேன்.

ஜூன் மாதத் தேர்வு பெரிய மண்டபத்தில்.
அங்கிருந்தது ஐம்பது கிராம் பியானோ.
வெண்டெலின் மெல்லிய இடத்துக்கு வந்தபோது
விரல் இறங்கியது, ஸ்வரம் வரவில்லை.
ஸ்டாஸாவுக்கும் அப்படியே.
பதினேழாம் அறையின் பிள்ளைகள்
ஐந்து பேரும்
படியில்லாத இடத்தில் கால் வைத்தவர்கள் போல.
நடுவர்கள் எழுதினார்கள்: விரலில் பலமில்லை.

அவர் நடுவர் மேசையின் கோடியில் இருந்தார்.
திரும்பி என்னைப் பார்க்கவில்லை.
பென்சிலை வைத்துவிட்டு,
"செப்டம்பரில் இவர்களை
மறுபடி கேளுங்கள்" என்றார்.
காரணம் கேட்டார்கள்.
"மறுபடி" என்றார்.

அன்றிரவே ஈயத்தை எடுக்கச் சொன்னார்.
விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்,
நான் தட்டி எடுத்த துண்டுகளைத்
தொப்பியில் வாங்கிக்கொண்டு.
கடைசிக் கட்டையைத் திரும்பப் பொருத்தியதும்
வலது கையால் ஒரு ஸ்வரம் அழுத்திப் பார்த்தார்.
இரண்டாம் முறைதான் ஒலித்தது.

கணக்கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்,
இந்த முறை என்னவென்று எழுத?
"தூசிதான்."
கதவுவரை போய் நின்றார்.
"நிறைய இருந்தது என்று எழுதுங்கள்."